அப்பாவின் ஆபரேசனுக்குப் பூ கேட்ட நாள்

உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது வயிற்றில் கை வைத்தால் நாடி மாதிரி துடிக்கிறது என்று சொன்னால், தயவுசெய்து வாயு என்று விட்டுவிடாதீர்கள். இதை எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணம் அதுதான். இன்னொரு காரணம் இருக்கிறது. அதையும் சொல்லத்தான் போகிறேன். மாரியாத்தா எனக்கு அந்தத் தைரியத்தைத் தரட்டும்.

எங்கள் அப்பா மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டியில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். பாதிக் காலம் மூட்டை தூக்கினார், மீதிக் காலம் எடை போட்டார். அவருடைய அப்பா அம்மா காலமெல்லாம் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். அப்பா பள்ளிக்கூடம் போகவில்லை. மண்டிக்கு வந்த பிறகுதான் எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டார், கையெழுத்துப் போடவும் பழகினார். என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தார். தம்பி சண்முகத்தை ஐ.டி.ஐ. வரை படிக்க வைத்தார். வெளியாள் யாரையும் 'நீ' என்று சொல்லி நான் கேட்டதில்லை. மண்டியில் டீ வாங்கி வரும் ஆளுக்கும் 'வாங்க', ஊரில் பெரிய தோட்டக்காரருக்கும் 'வாங்க'. அம்மாவையும் என்னையும் மட்டும்தான் ஒருமையில் கூப்பிடுவார். என்னை 'அம்மிணி' என்பார், மனசு நல்லா இருந்தால் 'கண்ணு' என்பார்.

பேரப்பிள்ளைகள் என்றால் அவருக்கு உயிர். நான் பல்லடத்துக்கு வாக்கப்பட்டுப் போனவள். எங்கள் வீட்டுக்காரர் எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு நெய்து கொடுக்கிறார். லீவு விட்டால் என் மகள் யாழினி அப்பிச்சி வீட்டுக்குத்தான் ஓடுவாள். எங்கள் பக்கம் அம்மாவின் அப்பாவை அப்பிச்சி என்போம், அம்மாவின் அம்மாவை அம்மிச்சி என்போம். இரண்டு பேரும் கட்டிலில் படுத்துக்கொண்டு டி.வி. பார்ப்பார்கள். அவர் வயிறுதான் அவளுக்குத் தலையணை.

போன வருடம் பள்ளிக்கூட லீவில் அப்படித்தான் படுத்திருந்தாள். திடீரென்று எழுந்து உட்கார்ந்து, "அம்மா, அப்பிச்சி வயித்துக்குள்ள என்னமோ குதிக்குது" என்றாள்.

"சோறு குதிக்குதுங்க சாமி. உங்க அம்மிச்சி ஆக்குன சோறு சும்மா இருக்குமுங்களா?" என்றார் அப்பா. பேத்திக்கும் 'ங்க' தான்.

எல்லாரும் சிரித்தோம். நானும் போய்க் கை வைத்துப் பார்த்தேன். தொப்புளுக்குச் சற்று மேலே, தோலுக்கு அடியில், ஏதோ ஒன்று கையைத் தள்ளித் தள்ளி விட்டது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"எத்தனை நாளா இப்படி இருக்குதுங்கப்பா?"

"அது இருக்குது ஒரு வருசமா. இடுப்புலதான் ஒரு மாசமா சித்த நோவு. மூட்டை தூக்குன ஒடம்பு, அப்படித்தான் இருக்கும். பரவால்ல கண்ணு."

இந்தப் 'பரவால்ல' எங்களை எவ்வளவு ஏமாற்றியிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. மேட்டுப்பாளையத்தில் ஒரு டாக்டரம்மா கை வைத்துப் பார்த்த உடனேயே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேன் எடுத்தவர் படத்தைப் பார்த்துவிட்டு எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்.  அன்று மாலையே கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். அப்பா ஆம்புலன்சில் ஏற வெட்கப்பட்டார். "பஸ்ஸுலயே போயரலாமுங்க. எதுக்குங்க இத்தனை ஆர்ப்பாட்டம்" என்று டிரைவரிடம் சொன்னார்.

கோயமுத்தூரில் மறுபடி ஸ்கேன். இந்த முறை கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றி எடுத்தார்கள். அந்த மருந்து ரத்தத்தில் கலந்து ஓடும்போது குழாய்களெல்லாம் படத்தில் வெள்ளையாகத் தெரியுமாம். ரத்தக்குழாய் டாக்டர் என்னையும், தம்பியையும், எங்கள் வீட்டுக்காரரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"இதயத்துல இருந்து வயித்துக்குள்ள இறங்கி வர்ற பெரிய குழாய் இது. சைக்கிள் டியூப் ஒரு பக்கம் தேஞ்சா, காத்து அடிக்கும்போது அங்க மட்டும் புடைச்சுக்கிட்டு வருமில்லீங்களா? அந்த மாதிரி இது வீங்கியிருக்கு. கட்டைவிரல் தடிமன்ல இருக்க வேண்டியது கொய்யாப்பழம் அளவுக்கு ஆயிருச்சு. இடுப்பு வலி வந்திருக்கறதுனால, இது வெடிக்கப் பாக்குதுன்னு அர்த்தம்."

தம்பி கேட்டான்: "வெடிச்சா என்னங்க சார் ஆகும்?"

டாக்டர் ஸ்கேன் படத்தை அவன் பக்கம் திருப்பினார். "ஆஸ்பத்திரிக்குள்ளயே வெடிச்சாலும் காப்பாத்தறது கஷ்டமுங்க" என்றார்.

பீடி குடித்ததும், ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடாமல் இருந்ததும் காரணமாக இருக்கலாம் என்றார். வயிற்றைத் திறந்து, வீங்கிய இடத்தில் துணியால் செய்த ஒரு குழாயை வைத்துத் தைக்க வேண்டும். துணி என்று கேட்டதும் எங்கள் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன நூலுங்க சார்?"

"பாலியஸ்டர்தான். நெய்யறதுதான்."

"அட! நம்ம சரக்குத்தானுங்களா" என்றார். அந்த நேரத்திலும் அவருக்கு ஒரு பெருமை. தம்பி முறைத்தான். எனக்கு என்னமோ அந்தப் பேச்சுதான் மூச்சு விட வைத்தது.

ஆனால் டாக்டர் உத்தரவாதம் எதுவும் தரவில்லை. வயது எழுபத்தாறு, பீடி குடித்த நுரையீரல். ஆபரேசன் செய்தாலும் உயிருக்கு ஆபத்து உண்டு. செய்யாவிட்டால் எந்த நேரமும் வெடிக்கலாம். ஒரு நாளுக்குள் முடிவு சொல்லச் சொன்னார். அதுவரை அவர் இருமக் கூடாது, முக்கக் கூடாது, கோபப்படக் கூடாது, அழக் கூடாது.

அந்த ஒரு நாளை எப்படிச் சொல்வது? அப்பா தொண்டையைச் செருமினால் நாங்கள் மூன்று பேரும் எழுந்து நின்றுவிடுவோம். பக்கத்துக் கட்டில்காரர் தும்மினால்கூட எனக்குத் திக்கென்றது. கழிப்பறைக்குப் போனால் கதவுக்கு வெளியே தம்பி காதை வைத்துக்கொண்டு நிற்பான். நாத்தனார் கொள்ளு ரசம் கொண்டு வந்தாள். காரம் புரையேறி இருமிவிடுவாரோ என்று அதைக் கொடுக்கவே இல்லை, நாங்களே குடித்துவிட்டோம். மண்டிக்காரர்கள் நாலு பேர் ஆப்பிள், ஹார்லிக்சோடு வந்தார்கள். அவர்களை வராந்தாவிலேயே நிறுத்தி, "அவரைச் சிரிக்க வெச்சுப்போடாதீங்க" என்று சொல்லி அனுப்பினேன். வேடிக்கை பேசியே பழகிய மனிதர்கள், சாவு வீட்டில் நிற்பது மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்தே அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நர்ஸ் பெண் வந்து, "எப்படி இருக்கீங்க தாத்தா?" என்று கேட்கும்.

"நல்லா இருக்கறனுங்க. நீங்க சவுக்கியமுங்களா? வூட்டுல அப்பா அம்மா எல்லாரும் சவுக்கியமுங்களா?" என்பார்.

"வலி இருக்கான்னு கேட்டேன் தாத்தா."

"அதெல்லாம் பரவால்லீங்க."

அந்தப் பெண் வலி இல்லை என்று எழுதிக்கொண்டு போகும். நான் பின்னாலேயே ஓடிப்போய், "அம்மிணி, அவரு மரியாதைக்குச் சொல்றாருங்க. ராத்திரியெல்லாம் தூங்கலீங்க" என்று சொல்லித் திருத்தி எழுத வைப்பேன்.

அம்மாவுக்கு ஆபரேசன் என்ற பேச்சே பிடிக்கவில்லை. அவளுடைய அண்ணன் ஒருவர் ஆபரேசனுக்கு உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. தம்பி ஆபரேசன் வேண்டும் என்றான். அப்பா காதில் விழக் கூடாதே என்று வராந்தாவில் நின்று குசுகுசுவென்றே சண்டை போட்டார்கள். கையை ஆட்டி, பல்லைக் கடித்து, சத்தமே இல்லாமல் ஒரு சண்டை.

"அம்மா, படிச்ச டாக்டர் சொல்றாரு. நீ என்னமோ பேசிக்கிட்டு இருக்கற."

"அந்த டாக்டருக்கா போகப்போகுது? எனக்குத்தான்டா போகும்."

கடைசியில் அம்மா, "ஆத்தாளைக் கேக்கோணும். பூ கேட்டுப்போட்டுச் சொல்லலாம்" என்றாள். தம்பியும் அதற்கு ஒத்துக்கொண்டான்.

எங்கள் பக்கம் கல்யாணம், வீடு, கிணறு எதற்கும் பூ கேட்போம். வெள்ளைப் பூ ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். எது எதில் இருக்கிறது என்று தெரியாதபடி குலுக்கி வைப்பார்கள். நாம் மனதில் கேட்டுக்கொள்ள வேண்டும். பூசாரி ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. ஒரே காரியத்துக்கு இரண்டாம் தடவை கேட்கக் கூடாது.

மறுநாள் காலையில் தம்பியை அப்பாவிடம் விட்டுவிட்டு, அம்மாவும் நானும் பஸ் பிடித்து ஊரில் இருக்கும் மாரியாத்தா கோயிலுக்குப் போனோம்.  நாங்கள் இல்லாத நேரத்தில் ஏதாவது ஆகிப் போன் வந்துவிடுமோ என்று, பஸ்ஸில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

கோயிலில் வேறு யாரும் இல்லை. பூசாரி விளக்கைத் தூண்டிவிட்டு, இரண்டு மடிப்பையும் வைத்தார். "நல்லா வேண்டிக்கோங்க" என்றார்.

நான் கண்ணை மூடினேன். இதை இதுவரை எழுத்தில் வைத்ததில்லை. நான் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுதான் நின்றேன். ஆபரேசன் செய்யலாமா என்று மனதில் வார்த்தையை எடுத்தாலே, கிழிந்த வயிறு கண்ணில் வந்தது. வேண்டாமா என்று எடுத்தால், வெடித்த குழாய் வந்தது. இரண்டையும் விட்டுவிட்டு, 'ஆத்தா ஆத்தா' என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன். பூசாரி எடுத்துப் பிரித்துக் காட்டினார். வெள்ளை.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். "பாத்தியா, ஆத்தா சொல்லிப்போட்டா. கத்தி வெக்காமயே சரியாயிருமான்னு கேட்டேன். வெள்ளை குடுத்துப்போட்டா."

பூசாரி திடுக்கிட்டார். "அப்படிக் கேக்கக் கூடாதுங்களேம்மா. செய்யலாமான்னுதான் கேக்கோணும். செய்யாம சரியாகுமான்னு கேட்டா அது கேள்வியே இல்லீங்க." என் பக்கம் திரும்பினார். "நீங்க என்னன்னு கேட்டீங்க அம்மிணி?"

எனக்கு அந்த டாக்டரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. வாய் தானாகச் சொன்னது: "ஆபரேசன் செய்யலாமான்னு கேட்டனுங்க."

"அப்பச் சரி. அதுக்குத்தான் உத்தரவு" என்றார்.

அம்மன் சன்னிதியில், விளக்கு எரியும்போது, பொய் சொன்னேன். அம்மா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டு, "சரி, வா போலாம். டாக்டரு காத்துக்கிட்டு இருப்பாரு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் ஆபரேசன் பேச்சை அம்மாதான் எடுத்தாள். அதுவரை அவரிடம் நோயின் பெயரைக்கூட நாங்கள் சரியாகச் சொல்லியிருக்கவில்லை. குடலில் கட்டி, சின்ன ஆபரேசன் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். அவர் எல்லாவற்றையும் அறிந்தே இருந்தார். "வெடிக்குமுன்னு சொன்னாங்களாமா?" என்று என்னைக் கேட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது. கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப் போன அந்தக் கை என் கையை விடவே இல்லை.

"எனக்குப் பயமா இருக்குது கண்ணு" என்றார். பிறந்ததிலிருந்து அவர் வாயில் நான் கேட்காத வார்த்தை.

அப்போதுதான் அம்மா, "ஆத்தா வெள்ளைப் பூ குடுத்திருக்கறா. ஆபரேசனுக்கு உத்தரவு" என்றாள்.

"நெசமாலுமா?"

"உங்க பொண்ணுதான் கேட்டா. அவளையே கேளுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

அந்த முகம் மாறியதை நான் எப்படிச் சொல்வேன். இறுக்கிக் கட்டிய கயிற்றை யாரோ அவிழ்த்துவிட்ட மாதிரி ஆகிவிட்டார். "ஆத்தாளே சொல்லிப்போட்டா, அப்பறம் என்ன" என்றார். ஆபரேசனுக்குச் சம்மதம் என்ற காகிதத்தை வாங்கி, மண்டியில் பழகிய அந்தக் கையெழுத்தை எழுத்து எழுத்தாகப் போட்டார். மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்காரர் அவருக்கு முகம் மழித்துவிட்டார். "மாப்பிள்ளை, மீசைய மட்டும் உட்டுருங்க" என்று அப்பா அவரிடம் வேடிக்கை பேசினார். சக்கரக் கட்டிலில் போகும்போது கும்பிட்டுக்கொண்டே போனார். தள்ளிக்கொண்டு போனவரிடம், "சிரமமுங்களா? நான் கொஞ்சம் கனமுங்க" என்றார். அவருக்குப் பயம் துளியும் இல்லை. அவர் பயம் முழுக்க என்னிடம் வந்துவிட்டது.

ஆறு மணி நேரம். காத்திருக்கும் இடத்தில் வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொரு நோயாளி பெயராகக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குடும்பம் எழுந்து ஓடும். நான் கையில் குங்குமப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, ஆத்தா, தண்டனை எனக்குக் கொடு, எனக்குக் கொடு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டர் வெளியே வந்து, நன்றாக முடிந்தது என்றார். குழாயின் சுவர் வெங்காயத் தோல் மாதிரி ஆகியிருந்ததாம், இன்னும் சில நாள் தாங்கியிருக்காதாம். தம்பி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதான்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, பத்து நிமிடம், ஒரே ஒரு ஆள்தான் பார்க்கலாம். மூன்றாம் நாள் வாயில் இருந்த மூச்சுக் குழாயை எடுத்துவிட்டார்கள். நான் போனபோது விழித்திருந்தார். தொண்டை கரகரவென்று இருந்தது.

"அம்மிணி, ஆத்தாளுக்கு ஒரு பொங்கல் வெக்கோணும். அவ பேச்சைக் கேட்டதுனாலதான் பொழச்சேன்."

என்னால் தாங்க முடியவில்லை. "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க" என்றேன்.

"சொல்லு கண்ணு."

அதற்குள் நர்ஸ் வந்து நேரம் ஆகிவிட்டது என்றது. "நாளைக்குச் சொல்லு. நான் எங்க போயரப் போறேன்" என்றார். நர்சிடம், "என்ற பொண்ணுங்க, பல்லடத்துல இருக்குது" என்று அறிமுகம் செய்துவைத்தார்.

மறுநாள் காய்ச்சல். நுரையீரலில் சளி கட்டிக் கிருமி பரவிவிட்டது என்றார்கள். மறுபடி மூச்சுக் குழாயைப் போட்டு, எந்திரத்தை வைத்து மூச்சு விட வைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் கண் திறக்கவில்லை. தினமும் இரண்டு வேளை, பத்து நிமிடம், அந்த எந்திரம் நெஞ்சைத் தூக்கித் தூக்கிப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காதில் சொல்லிவிடலாமா என்று குனிவேன். சொல்லிவிட்டால் போய்விடுவாரோ என்று பயந்து நிமிர்ந்துவிடுவேன். ஆபரேசன் முடிந்து பதினோராம் நாள் காலையில், தம்பியை ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

காரியமெல்லாம் முடிந்தது. மண்டியில் அப்பா இறந்த அன்று ஏலத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார்களாம். யாழினி மட்டும், "நான் சொன்னதுனாலதான் அப்பிச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க" என்று ஏங்கி ஏங்கி அழுதாள். நீ சொன்னதால்தான் அவருக்கு ஒரு வழியாவது கிடைத்தது என்று அவளை மடியில் போட்டுச் சமாதானம் சொன்னேன். எனக்குச் சமாதானம் சொல்ல ஆள் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. விளக்கு ஏற்றவே கை வரவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள், ஊரில், அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பூவுக்கு நான் எதையும் கேட்கவில்லை, பூசாரி கேட்டதும் பொய் சொன்னேன், அந்தப் பொய்யை நம்பித்தான் அப்பா கையெழுத்துப் போட்டார் என்று.

அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியுங் கண்ணு."

"என்னம்மா தெரியும்?"

"பக்கத்துலதான நின்னேன். நீ வாய்க்குள்ள ஆத்தா ஆத்தான்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு. வேற ஒரு வார்த்தை வரல."

 "அப்பறம் ஏம்மா ஒண்ணுஞ் சொல்லாம வந்த? அப்பாகிட்டயும் நீதான சொன்ன?"

"வேற என்னடி பண்ணச் சொல்ற? அவரு படுத்திருந்த கெடையைப் பாத்தேன். ஒவ்வொரு இருமலுக்கும் உசுரு போயிப்போயி வந்துச்சு. வேண்டாமுன்னு சொல்லீருந்தா, அப்படியேதான் வெடிக்கற வரைக்கும் கெடந்திருப்பாரு. செய்யுன்னு சொல்ல எனக்குத் தெகிரியம் இல்ல. எங்க அண்ணன் கதை ஆயிருமோன்னு பயம். யாராச்சும் ஒருத்தரு சொல்லிப்போட்டாத் தேவலைன்னு இருந்துச்சு. நீ சொன்ன. நான் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்."

உரித்த வெங்காயத்தை ஒரு பக்கம் தள்ளி வைத்தாள். பிறகு அம்மா சொன்னாள்: "ஆத்தாகிட்ட மட்டும் வாய் உட்டுச் சொல்லிப்போடு. அவளுக்குத் தெரியும், இருந்தாலும் நாம சொல்லோணும்."

"வருசம் திரும்பாம கோயிலுக்குள்ள போகக் கூடாதேம்மா."

"வெளிய நின்னு சொன்னா அவளுக்குக் கேக்காதா?"

"எனக்குப் பயமா இருக்குதும்மா."

"எனக்குந்தான். இரு, சீலை மாத்திக்கிட்டு வாரேன். ரெண்டு பேருமே சொல்லோணும்."

போனோம். கோயில் வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். உள்ளே விளக்கு மட்டும் தெரிந்தது. நான் சத்தமாகவே சொன்னேன். வழியில் போன ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். நான் சொல்லி முடித்ததும் அம்மா சொன்னாள். எனக்கு முழுதாகக் கேட்கவில்லை. முடிக்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.